லொக்கில் 8 செக்கன், அப்ளிகேஷனில் 200 மில்லிசெக்கன்: மிச்ச நேரம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான். திருகோணமலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு அறை பதிவு செய்கிற தளம் ஒன்றை அவர் பார்த்துக்கொள்கிறார். முன்னால் ரிக்குவெஸ்டுகளை வாங்கிப் பின்னால் கொடுக்கிற வெப்சேர்வர் என்ஜின்எக்ஸ், பின்னால் பைதன் அப்ளிகேஷன், சேர்வர் இருப்பது சிங்கப்பூரில். "சைட் இழுக்குது" என்று விடுதிக்காரர்கள் சொல்கிறார்கள். அப்ளிகேஷன் தன் லொக்கில் (நடந்ததைக் குறித்து வைக்கிற பதிவேட்டில்) 200 மில்லிசெக்கன் என்கிறது. அதே ரிக்குவெஸ்டுக்கு என்ஜின்எக்ஸ் லொக்கில் 8 செக்கன். எது சரி என்று பார்க்க, என்ஜின்எக்ஸுக்குள் ஓடுகிற லூவா மொழியில் இரண்டு இடத்தில் நேரம் எடுத்துக் கழித்தால் எப்போதும் பூச்சியம் வருகிறது. "இதுல எதை நம்புறது அண்ணா?"

மூன்றையும் நம்புங்கள் தங்கச்சி. ஒன்றும் பொய் சொல்லவில்லை. மூன்றும் வெவ்வேறு தூரத்தை அளந்திருக்கின்றன, அவ்வளவுதான். நேரம் அளக்கப் புறப்படுகிறவர்கள் எதைக்கொண்டு அளப்பது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிற நேரம் வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டால், கருவி பெரிய விஷயம் இல்லை. கீழே வருகிற பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கொன்பிக்கில் அவற்றை வழமையான ஆங்கில எழுத்துகளிலேயே போடுங்கள்.

பூச்சியத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். லூவாவில் நேரம் தருகிற என்ஜிஎக்ஸ்.நவ் ஐ அழைக்கும்போது அது ஓப்பரேட்டிங் சிஸ்டத்திடம் போய் நேரம் கேட்பதில்லை. என்ஜின்எக்ஸ் தன் ஈவன்ட் லூப் (வந்த வேலைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற சுழற்சி) ஒரு சுற்று விழிக்கும்போது ஒருமுறை நேரத்தைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சுற்று முடியும்வரை யார் கேட்டாலும் அதே குறிப்பைத்தான் கொடுக்கும். உங்கள் லூவா கோட் இடையில் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் ஓடினால், தொடக்கத்திலும் முடிவிலும் வாசித்தது ஒரே குறிப்பு. கழித்தால் பூச்சியம்தானே வரும். இடையில் கோசொக்கெட்டில் (லூவாவின் நெட்வேர்க் இணைப்பில்) காத்திருந்தாலோ, என்ஜிஎக்ஸ்.ஸ்லீப் போட்டிருந்தாலோ, லூப் சுற்றியிருக்கும், குறிப்பும் மாறியிருக்கும். அப்போது கிடைக்கிற வித்தியாசம் பயன்படும். சும்மா கணக்குப் பார்க்கிற கோட் துண்டை அளக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் என்ஜிஎக்ஸ்.நவ் க்கு முதல் என்ஜிஎக்ஸ்.அப்டேட்_டைம் ஐ அழையுங்கள். அது குறிப்பைப் புதுப்பிக்கும். லினக்ஸில் அதற்குச் செலவு குறைவு, ஆனால் ஆயிரம் தடவை சுற்றுகிற லூப்புக்குள் வைக்கிற சாமான் இல்லை.

அப்படிச் செய்தாலும் கிடைப்பது மில்லிசெக்கன் நுணுக்கம்தான். ஒரு சின்ன ஜேசன் தரவைப் பிரிக்க எவ்வளவு நேரம் என்று அறிய அது போதாது. அதை ஆயிரம் தடவை ஓடவிட்டு மொத்தத்தை வகுக்க வேண்டும், அல்லது லூவாஜிட்டின் எப்எப்ஐ (சி மொழிச் செயல்களை நேரே அழைக்கிற வசதி) வழியாகக் கேர்னலின், அதாவது ஓப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியின், கடிகாரத்தை நேரே வாசிக்க வேண்டும். ஓஎஸ்.டைம் முழுச் செக்கனில்தான் சொல்லும். ஓஎஸ்.குளொக் சொல்வது அந்த வேர்க்கர் (வேலை செய்கிற புரொசஸ்) தின்ற சிபியூ நேரத்தை. காத்திருந்த நேரம் அதில் இராது. இரண்டையும் விட்டுவிடுங்கள். இன்னொன்று, சோதனைக்காக லூவா_கோட்_காஷ் ஐ நிறுத்தி வைத்திருந்தால் அந்த நிலையில் எதையும் அளக்க வேண்டாம். ஒவ்வொரு ரிக்குவெஸ்டுக்கும் லூவா புதிதாக எழும்புகிற நேரமும் சேர்ந்து வரும்.

இனி 8 செக்கனுக்கு வருவோம். விஷயம் இருப்பது இங்கேதான்.

என்ஜின்எக்ஸின் ரிக்குவெஸ்ட்_டைம், வாடிக்கையாளரிடமிருந்து முதல் பைட்டை வாசித்ததில் தொடங்குகிறது. பதிலின் கடைசிப் பைட்டை அனுப்பி லொக் எழுதுகிற நொடியில் முடிகிறது. இடையில் நடக்கிற எல்லாம் அதற்குள் அடங்கும்: வாடிக்கையாளர் அனுப்புகிறதை வாசித்து முடிப்பது, பின்னாலுள்ள அப்ளிகேஷனுக்குப் போவது, அது யோசிப்பது, பதிலை வாங்குவது, திரும்பி அனுப்புவது. இந்த நீளத்தைத் துண்டாக்க வேறு மூன்று மாறிகள் இருக்கின்றன. அப்ஸ்ட்ரீம்_கனெக்ட்_டைம் அப்ளிகேஷனுடன் இணைப்பு எடுத்த நேரம். அப்ஸ்ட்ரீம்_ஹெடர்_டைம் அதனிடமிருந்து பதிலின் ஹெடர் (தலைப்பு வரிகள்) வந்து சேரும்வரை. அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பொன்ஸ்_டைம் பதில் முழுக்க வந்து சேரும்வரை. எல்லாம் செக்கனில், மூன்று தசமத்துடன்.

இவற்றுக்கு லூவாவே தேவையில்லை. லொக்_போர்மட்டில் இந்த நான்கையும், கூடவே மெதட், ஸ்டேட்டஸ், ரிக்குவெஸ்ட்_லெங்த், பைட்ஸ்_சென்ட் என்பவற்றையும் சேர்த்துவிட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். லூவா எழுத ஆசைப்படுகிற பலருக்கும் நான் சொல்வது இதுதான். பாதிப் பேருக்கு விடை அந்த ஒரு வரி மாற்றத்திலேயே கிடைத்துவிடும்.

உங்கள் தளத்தில் மூன்று வகை வரி வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஒன்று: போஸ்ட் (தரவை அனுப்புகிற ரிக்குவெஸ்ட்), ரிக்குவெஸ்ட்_டைம் 8.214, கனெக்ட் 0.001, ஹெடர் 0.203, ரெஸ்பொன்ஸ் 0.204, ரிக்குவெஸ்ட்_லெங்த் நாற்பது லட்சம் பைட்டுக்குக் கொஞ்சம் மேலே, அனுப்பியது சில நூறு பைட். இது விடுதிக்காரர் போனிலிருந்து அறையின் படத்தை ஏற்றியது. படம் 4 மெகாபைட், குச்சவெளிப் பக்கம் எங்கேயோ நின்று ஏற்றுகிறார், மேலே போகிற வேகம் செக்கனுக்கு 4 மெகாபிட் என்று வையுங்கள். 4 மெகாபைட் என்றால் 32 மெகாபிட், நாலால் வகுத்தால் 8 செக்கன். வேறு மர்மம் ஒன்றும் இல்லை. புரொக்சி_ரிக்குவெஸ்ட்_பஃபரிங் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். ஆகவே படம் முழுக்க என்ஜின்எக்ஸிடம் வந்து சேர்ந்த பிறகுதான் பைதனுக்கு விஷயமே தெரியும். பைதன் 200 மில்லிசெக்கன் என்று சொன்னது அதன் மட்டில் சத்தியமான உண்மை.

இரண்டு: கெட் (கேட்டு வாங்குகிற ரிக்குவெஸ்ட்), ரிக்குவெஸ்ட்_டைம் 6.5, ரெஸ்பொன்ஸ் 0.3, அனுப்பியது 3 மெகாபைட். இது அதன் மறுபக்கம். அப்ளிகேஷன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. என்ஜின்எக்ஸ் அதை பஃபரில் வைத்துக்கொண்டு, வாங்குகிறவரின் வேகத்துக்கு ஏற்பப் பரிமாறிக்கொண்டிருந்தது. வழக்கமாக இது சுருக்கப்படாத படப்பட்டியல் அல்லது ஜிசிப் சுருக்கம் போடாத ஜேசன்.

மூன்று: ரிக்குவெஸ்ட்_டைம் 5.9, கனெக்ட் 0.001, ஹெடர் 5.9. ஆனால் அப்ளிகேஷன் லொக் அதே 200 மில்லிசெக்கன் என்கிறது. இதுதான் ஆட்களைக் குழப்புகிற வகை. கனெக்ட் நேரம் ஒரு மில்லிசெக்கன் என்றதும் பலர், பின்பக்கம் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இணைப்பை ஏற்றது அப்ளிகேஷன் இல்லை, கேர்னல். அது இணைப்பை வாங்கி வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும். பைதனின் வேர்க்கர்கள் எல்லாம் வேறு வேலையில் இருந்தால், ஒன்று ஓய்ந்து வந்து இதை எடுக்கும்வரை ஐந்து செக்கனும் வரிசையில்தான். எடுத்த பிறகுதான் அப்ளிகேஷன் தன் கடிகாரத்தை ஓடவிடுகிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதையில்தானே (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவையில்) கடந்தோம். பாதைக்காரரைக் கேட்டால் கடக்கச் சில நிமிடம் என்பார், கரையில் வரிசையில் நின்றவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். அப்ளிகேஷன் லொக் சொல்வது பாதைக்காரர் கணக்கு. இந்த மூன்றாம் வகை வரிகள் நிறைய வந்தால் அப்ளிகேஷன் கோட் ஐ வேகப்படுத்துவதில் பிரயோசனம் குறைவு. முதலில் வேர்க்கர் எண்ணிக்கையைப் பாருங்கள், அல்லது வேர்க்கரை நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கிற வேறு ரிக்குவெஸ்ட் எது என்று தேடுங்கள். மே தொடங்கிச் செப்டம்பர்வரை, கிழக்குக் கரைக்கு ஆள் வருகிற காலத்தில் மட்டும் தளம் இழுக்கிறது, மாரியில் பறக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான்.

அப்படியானால் லூவா எதற்கு? லொக் வரியால் சொல்ல முடியாத இரண்டு மூன்று விஷயங்களுக்கு.

முதலாவது, படம் ஏறிய நேரத்தைத் தனியாகப் பிரிப்பது. லொக்கில் மொத்தத்திலிருந்து ரெஸ்பொன்ஸ் நேரத்தைக் கழித்தால், ஏறியதும் இறங்கியதும் கலந்த மிச்சம் ஒன்றுதான் கிடைக்கும். ரிக்குவெஸ்ட் அப்ளிகேஷனுக்குப் போவதற்கு முதல் ஓடுகிற அக்சஸ்_பை_லூவா கட்டத்தில் என்ஜிஎக்ஸ்.நவ் ஐ ஒரு மாறியில் எடுங்கள், என்ஜிஎக்ஸ்.ரெக்.ரீட்_பொடி ஐ அழையுங்கள், திரும்ப என்ஜிஎக்ஸ்.நவ் எடுத்துக் கழித்து என்ஜிஎக்ஸ்.சிடிஎக்ஸ் என்ற டேபிளில் போடுங்கள். ரீட்_பொடி வேர்க்கரை மறிக்காது. பொடி (ரிக்குவெஸ்டோடு வருகிற உள்ளடக்கம், இங்கே படம்) இன்னும் வந்து முடியவில்லை என்றால் லூவாவை ஓரமாக நிறுத்திவிட்டு லூப்பைச் சுற்றவிடும். ஆகவே இங்கே அப்டேட்_டைம் தேவையில்லை, வித்தியாசம் பூச்சியம் என்றால் பொடி ஏற்கெனவே வந்திருந்தது என்றே பொருள். முழுப் பொடியையும் என்ஜின்எக்ஸ் வாங்கி வைப்பது எப்படியும் நடந்துகொண்டிருந்த வேலைதான், புதிய பாரம் எதுவும் ஏறாது. ஆனால் யாராவது புரொக்சி_ரிக்குவெஸ்ட்_பஃபரிங் ஐ நிறுத்தி வைத்திருக்கிற லொகேஷனில் இதைப் போட்டால் அவர்கள் நிறுத்தியதன் பயன் போய்விடும்.

இரண்டாவது, நேரங்களை ஓடுகிற சேர்வரிலேயே கூட்டி வைத்து, எப்போது கேட்டாலும் பார்க்கிற மாதிரிச் செய்வது. இதற்கு இடம் லொக்_பை_லூவா. பதில் போய் முடிந்த பிறகு ஓடுவதால் வாடிக்கையாளரைத் தாமதிக்காது. அவர் பாதியில் பிரௌசரை மூடிவிட்டுப் போனாலும் ஓடும். அந்தக் கட்டத்தில் கோசொக்கெட், ஸ்லீப் எதுவும் செய்ய விடமாட்டார்கள். நேரே ஒரு டேட்டாபேஸுக்கு எழுதலாம் என்று நினைத்தால் எரர்தான் வரும். லூவா_ஷேர்ட்_டிக்ட் ஒன்றை அறிவித்து, அதில் இன்க்ரிமென்ட் செய்துவிட்டு வெளியே வாருங்கள். எல்லா வேர்க்கருக்கும் அது பொதுவானது, இன்க்ர் செய்வது அட்டொமிக், இரண்டு வேர்க்கர் ஒரே நேரத்தில் கூட்டினாலும் எண்ணிக்கை தவறாது. இன்க்ர் இன் மூன்றாவது ஆர்கியுமென்டாகத் தொடக்க மதிப்பு பூச்சியத்தைக் கொடுக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் இல்லாத சாவியைக் கூட்டப் பார்த்து, கிடைக்கவில்லை என்று சத்தமில்லாமல் திரும்பிவிடும். கூட்டியதை வாசித்துக் காட்ட உள்ளூர் ஐபிக்கு மட்டும் திறந்த ஒரு லொகேஷன் போதும், அளவுகளைச் சேகரிக்கிற புரொமீத்தியஸ் வந்து அதை வாசித்துப் போகும்.

எதைக் கூட்டுவது என்பதில்தான் புத்தி வேண்டும். சராசரியை வைக்காதீர்கள். நூறு ரிக்குவெஸ்டில் 95 க்கு 0.2 செக்கன், 5 க்கு 10 செக்கன் என்றால் சராசரி 0.69 செக்கன். அந்த 0.69 ஐ ஒருவர்கூட அனுபவிக்கவில்லை. 95 பேருக்குத் தளம் வேகம், 5 பேர் உங்களுக்குப் போன் எடுத்து ஏசுகிறார்கள். அதற்குப் பதிலாக வாளிகள் வையுங்கள்: 0.05, 0.1, 0.25, 0.5, 1, 2.5, 5, 10, 30, 60. ஒவ்வொரு ரிக்குவெஸ்டும் எந்த வாளிக்குள் விழுகிறதோ அந்த எண்ணை ஒன்று கூட்டுங்கள். பிறகு வேறொரு சேர்வர் சேர்ந்தாலும் வாளி எண்ணிக்கைகளைத் தாராளமாகக் கூட்டலாம். 95 ஆவது சதமானத்தை (நூறில் 95 ரிக்குவெஸ்ட் எந்த நேரத்துக்குள் முடிகிறதோ அதை) இரண்டு சேர்வரில் தனித்தனியாக எடுத்து இரண்டின் சராசரி பார்ப்பது வெறும் எண் விளையாட்டு. அதைப் பல டாஷ்போர்டுகளில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

வாளியின் சாவியில் முழு யூஆர்ஐயைப் போட்டுவிடாதீர்கள். அறை எண், திகதி, தேடல் சொல் என்று ஒவ்வொன்றும் புதிய சாவியாகும். அதோடு, இல்லாத வேர்ட்பிரஸ் பக்கங்களைத் தேடிக்கொண்டு வருகிற பொட்டுகள் (தானாக ஓடுகிற புரோகிராம்கள்) ஒரு இரவில் ஷேர்ட்_டிக்ட்டை நிரப்பிவிடும். நிரம்பினால் அது முறையிடாது. பழைய சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதற்கு இடம் கொடுக்கும். காலையில் பார்த்தால் "பதிவு" பக்கத்தின் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கும். ஒவ்வொரு லொகேஷனுக்கும் தேடல், அறை, பதிவு, படம் என்று கையால் ஒரு பெயர் வைத்து அதையே சாவியில் சேருங்கள். நாலைந்து பெயர் போதும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை. கரையில் வரிசை நிற்பது பைதன் முன்னால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. என்ஜின்எக்ஸின் ஒரு வேர்க்கர் நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே லூப்பில் பார்க்கிறது. லூவாவில் ஒருவர் ஓஎஸ்.எக்சிகியூட் போட்டுவிட்டார், அல்லது பெரிய ஃபைல் ஒன்றை ஐஓ.ஓப்பனால் வாசிக்கிறார் என்றால், அது முடியும்வரை அந்த வேர்க்கரின் எல்லா வாடிக்கையாளரும் நிற்பார்கள். அந்த நேரத்தில் வந்து சேர்ந்த புதிய ரிக்குவெஸ்டுக்குக் கடிகாரம் ஓடவே தொடங்கியிராது. ஏனென்றால் முதல் பைட்டை என்ஜின்எக்ஸ் இன்னும் வாசிக்கவில்லை. லொக்கில் அது 0.2 செக்கன் என்று அப்பாவியாக வந்து உட்காரும். இதைப் பிடிக்க இனிட்_வேர்க்கர்_பை_லூவா வில், ஒவ்வொரு வேர்க்கரிலும், என்ஜிஎக்ஸ்.டைமர்.எவ்ரி யால் 0.1 செக்கனுக்கு ஒருமுறை எழும்புகிற ஒரு டைமர் வையுங்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கடைசியாக எழும்பிய நேரத்தைக் கழித்துப் பாருங்கள். 0.1 அல்லது 0.102 வந்தால் சுகம். 1.8 வந்தால் அந்த வேர்க்கரை யாரோ 1.7 செக்கன் மறித்து வைத்திருந்திருக்கிறார்கள். அந்த அதிகப்படியையும் வாளியில் போடுங்கள். லூவா சேர்த்த நாளிலிருந்து சேர்வர் இழுக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் வைப்பது இந்த டைமரைத்தான். கூடவே டெர்மினலில் எஸ்எஸ் கட்டளையை எல்என்டி என்ற மூன்று எழுத்துத் தெரிவுகளோடு ஓட்டிப் பார்த்தால், கேட்டுக்கொண்டிருக்கிற போர்ட்டின் வரிசையில் எத்தனை இணைப்புக் காத்து நிற்கிறது என்பது தெரியும்.

லொக்_பை_லூவா எழுதும்போது கால் இடறுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பொன்ஸ்_டைம் எப்போதும் ஒரே எண்ணாக வராது. முதல் அப்ளிகேஷன் சேர்வர் தோற்று இரண்டாவதுக்குப் போயிருந்தால், காற்புள்ளி போட்டு இரண்டு எண்ணாக வரும்: 60.001, 0.120 என்பதுபோல. அதை அப்படியே எழுத்தை எண்ணாக்குகிற டுநம்பருக்குள் கொடுத்தால் நில் (மதிப்பு இல்லை என்பது) திரும்பும், அடுத்த வரியில் கோட் விழும். துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்டுங்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு வரலாம்; அப்ஸ்ட்ரீமுக்கே போகாத ரிக்குவெஸ்ட் என்றால் மாறியே நில்.

என்ஜிஎக்ஸ்.சிடிஎக்ஸ் இல் போட்ட குறி, எரர்_பேஜ் போன்றவற்றால் உள்ளுக்குள் வேறு லொகேஷனுக்குத் திருப்பப்பட்டால் அழிந்துபோகும். ஆகவே தொடக்க நேரத்தை நீங்களே குறித்து வைக்க வேண்டாம். என்ஜிஎக்ஸ்.ரெக்.ஸ்டார்ட்_டைம் இருக்கிறது, அதை எடுங்கள். பொடி நேரம்போல வேறு வழியில்லாத குறிகளுக்கு, இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

அடுத்தது, லொக்_பை_லூவாவைச் சேர்வர் மட்டத்தில் ஒன்றும் ஒரு லொகேஷனுக்குள் ஒன்றும் வைத்தால் இரண்டும் ஓடாது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மூடிவிடும். ஒரு பக்கத்தின் எண்ணிக்கை மட்டும் காணாமல் போனால் அங்கே பாருங்கள்.

பொடி_ஃபில்ட்டர் கட்டத்தில், கடைசித் துண்டு வரும் நொடியைக் குறித்தால் அப்ளிகேஷன் முடித்த நேரம் கிடைக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வாங்குகிறவர் மெதுவாக வாங்கினால் பஃபர்கள் நிறைந்து, அந்தக் கடைசித் துண்டு ஃபில்ட்டருக்கு வருவதே பிந்தும். அதற்குத்தான் ரெஸ்பொன்ஸ்_டைம் இருக்கிறது. என்ஜிஎக்ஸ்.நவ் சுவர்க்கடிகார நேரம் என்பதையும் மனதில் வையுங்கள். சேர்வரின் நேரம் திருத்தப்படுகிற நொடியில் உங்கள் கழித்தல் மறை எண்ணாகலாம். வாளியில் போடுவதற்கு முதல் அதைப் பூச்சியமாக்குங்கள்.

எண்களை வாசிக்கும்போது: சரியாக 60 செக்கனில் ஒரு கும்பல் தெரிந்தால் அது யாருடைய உண்மையான நேரமும் இல்லை. புரொக்சி_ரீட்_டைம்அவுட்டின் இயல்பு அளவு 60 செக்கன், அதில் முட்டி 504 (நேரம் கடந்த பிழை) ஆகியிருக்கும். 499 என்ற ஸ்டேட்டஸ், வாடிக்கையாளர் பொறுக்காமல் போய்விட்டார் என்பது. பிழை என்று நினைத்து இதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; தள்ளினால் மிக மோசமாக அவதிப்பட்டவர்களைத் தள்ளிவிட்டு மிச்சப் பேரின் நேரத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறீர்கள். 499 க்குத் தனி வாளி வைப்பது நல்லது.

இவ்வளவும் செய்தாலும் சேர்வர் காணாத நேரம் இரண்டு இருக்கிறது, உங்கள் தளத்துக்கு இரண்டுமே முக்கியம். புறாத்தீவைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர் அறையைப் பதிவு செய்வது ஜேர்மனியிலோ பிரான்ஸிலோ இருந்துகொண்டு. அவருடைய பிரௌசர் சிங்கப்பூருடன் டிசிபி இணைப்புக்கு ஒருமுறை போய் வர வேண்டும், டிஎல்எஸ் 1.3 க்கு இன்னொரு முறை, பழைய 1.2 என்றால் இரண்டு முறை. இது எல்லாம் முடிந்த பிறகுதான் ரிக்குவெஸ்டின் முதல் பைட் வரும், ரிக்குவெஸ்ட்_டைம் தொடங்கும். மறுமுனையில், கடைசிப் பைட்டை அனுப்பியாயிற்று என்று என்ஜின்எக்ஸ் சொல்வது கேர்னலின் சொக்கெட் பஃபருக்குள் போட்டாயிற்று என்ற பொருளில்தான். 20 கிலோபைட் பக்கம் அந்த பஃபருக்குள் முழுதாக அடங்கிவிடும். போன் இன்னும் வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே லொக்கில் 0.2 என்று எழுதி முடிந்திருக்கும். அதனால்தான் சின்னப் பதில்களுக்கு மெதுவான வாடிக்கையாளரை ரிக்குவெஸ்ட்_டைமில் காணவே முடியாது.

முழுதாக இல்லாவிட்டாலும் ஒரு மோப்பம் பிடிக்க டிசிபிஇன்ஃபோ_ஆர்டிடி என்ற மாறி உதவும். கேர்னல் அந்த இணைப்பில் கணித்து வைத்திருக்கிற போய்வரும் நேரம் அது, மைக்ரோசெக்கனில் வரும். லொக் வரியிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 250000 என்று வந்தால் கால் செக்கன். அப்படியானவருக்கு டிஎல்எஸ் 1.3 இலேயே இணைப்புக்கு மட்டும் அரைச் செக்கன் போயிருக்கும். வெளியிலிருந்து நீங்களே பார்க்க கர்ல் என்ற கட்டளை போதும். அதன் டபிள்யூ தெரிவில் டைம்_கனெக்ட், டைம்_ஆப்கனெக்ட் (டிஎல்எஸ் முடிகிற நேரம்), டைம்_ஸ்டார்ட்ட்ரான்ஸ்ஃபர், டைம்_டோட்டல் நான்கையும் கேளுங்கள். எல்லாம் தொடக்கத்திலிருந்து எண்ணிய நேரம், அடுத்தடுத்துக் கழித்துத்தான் துண்டுகளைப் பெற வேண்டும். அலுவலக ஃபைபரில் ஒருமுறையும், போனின் ஹொட்ஸ்பொட்டில் நிலாவெளிக் கரையில் நின்று ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். விடுதிக்காரர் ஏன் ஏசுகிறார் என்று புரியும்.

உங்கள் குழுவுக்குள் பார்க்க சேர்வர்-டைமிங் என்ற ஹெடர் நல்ல வசதி. ஹெடர்_ஃபில்ட்டர்_பை_லூவாவில் அப்ஸ்ட்ரீம்_ஹெடர்_டைமை ஆயிரத்தால் பெருக்கி மில்லிசெக்கனாக அதில் போட்டால், பிரௌசரின் நெட்வேர்க் பலகையில் மற்ற நேரங்களோடு சேர்ந்து கோடாக வரும். அந்த நொடியில் பதில் இன்னும் போகவில்லை, ஆகவே முழு நேரத்தை அதில் போட முடியாது. குழுவின் குக்கி இருப்பவருக்கு மட்டும் அனுப்புங்கள், ஊருக்கெல்லாம் வேண்டாம்.

லூவாவை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உபுண்டு, டெபியனில் என்ஜின்எக்ஸின் லூவா மொட்யூல் பொதியாகவே கிடைக்கிறது. எல்லாம் சேர்த்து வேண்டுமென்றால் ஓப்பன்ரெஸ்டி. புதிதாகத் தொடங்குவதென்றால் நான் ஓப்பன்ரெஸ்டி பக்கம்தான், வெர்ஷன்கள் ஒன்றோடொன்று முட்டுகிற தலையிடி குறைவு. லைட்டிபிடி வைத்திருப்பவர்களுக்கு மொட்_மக்னெட்டிலும் லூவாதான். அப்பாச்சிக்காரர்களுக்கு எதுவும் வேண்டாம், லொக்போர்மட்டில் சதவீதக் குறியோடு பெரிய D எழுத்தைப் போட்டால் மைக்ரோசெக்கனிலேயே எழுதும்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் தொடுவது படம் ஏற்றுகிற பக்கத்தை. பிரௌசரிலேயே கன்வாஸில் வைத்து அகலத்தை 1600 பிக்ஸலுக்குச் சுருக்கி, ஜேபெக்காக மாற்றி அனுப்பினால் 4 மெகாபைட் படம் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டாகிவிடும், 8 செக்கன் ஒரு செக்கனுக்குள் வந்துவிடும். சேர்வரில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். அதற்குப் பிறகும் 5 செக்கனுக்கு மேல் விழுகிற வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, அந்த மூன்று வகையில் எது அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வகை என்றால் பைதன் பக்கம் எத்தனை வேர்க்கர் ஓடுகிறது, சேர்வரில் எத்தனை கோர் இருக்கிறது என்ற இரண்டையும் எழுதுங்கள், அங்கிருந்து தொடருவோம்.